‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?’ - பம்பிங் குறைந்த இதயமும் பாதியில் நிற்கும் மருந்தும்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. கோவையில் வேலை பார்க்கும் மகன், நெய்க்காரப்பட்டியில் இருக்கும் அப்பாவுக்கு போன் போடுகிறார்.

“அப்பா, மாத்திரை எல்லாம் கரெக்டா போடறீங்களா?”

“போடறேன் கண்ணு. நீ சாப்ட்டியா?”

அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. கரும்பு வெட்டு எப்போது, வெல்லம் என்ன விலை போகிறது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது...

அப்பா பொய் சொல்லவில்லை. மாத்திரை போடத்தான் செய்கிறார். பழனிக்கு பஸ் ஏறும் நாளில் மட்டும் ‘ஒண்ணுக்கு வர்ற மாத்திரை’யை விட்டுவிடுவார். வட்டமாக, சின்னதாக இருக்கும் ஒன்று போன வாரமே தீர்ந்துவிட்டது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறார். இன்னொன்றை மெடிக்கல் ஷாப்பில் ‘சுகர் மாத்திரை’ என்று சொன்னார்கள். தனக்குத்தான் சுகரே இல்லையே என்று அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். மிச்சம் இரண்டு மாத்திரை. அதைத் தவறாமல் போடுகிறார். அவர் கணக்குப்படி எல்லாம் கரெக்ட்தான்.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டில் நடந்தது அல்ல, விளக்கத்துக்காகச் சொன்னது. ஆனால், ஹார்ட் ஃபெயிலியர் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், இதில் ஏதாவது ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுக்கும் உண்மையில் வயிற்றுக்குள் போகும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. இந்த நோயில் அந்த இடைவெளிதான் பலரைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது எப்படி உண்டாகிறது, வெளியூரில் இருக்கும் நாம் அதை எப்படிக் குறைக்கலாம்? பார்ப்போம்.

ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிட்டதா?

இல்லை. குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. ‘இதயச் செயலிழப்பு’ என்று தமிழில் எழுதுகிறோம். கேட்பவருக்கு இதயம் வேலையை நிறுத்திவிட்டது போலத் தோன்றும். பயந்துபோய் “இனிமே என்ன இருக்கு” என்று மனதை விட்டுவிடுபவர்கள் உண்டு. “அப்படி எல்லாம் ஒண்ணும் இல்ல, நான் நடமாடிட்டுத்தானே இருக்கேன்” என்று டாக்டர் சொன்னதையே நம்பாமல் போகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து.

உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்கிற நிலைமை மாதிரி. தள்ள முடியாமல் தேங்கும் நீர் நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு வாங்கும். காலில் சேர்ந்தால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

பழைய மாரடைப்பு விட்டுச் சென்ற தழும்பு, பல வருடமாகக் கட்டுப்பாட்டில் இல்லாத பிபி, சுகர், வால்வு கோளாறு, மதுப்பழக்கம் எனக் காரணங்கள் பல. சில பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டியும் வரும். மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் திடீரென அடைத்துக்கொள்வது. ஹார்ட் ஃபெயிலியர் என்பது இதயத் தசை தளர்ந்துபோய், வருடக்கணக்கில் கூடவே இருக்கும் நிலைமை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தால் முடிந்துவிடும் விஷயம் இல்லை.

பம்பிங் 30... எத்தனைக்கு 30?

எக்கோ எடுத்துவிட்டு வந்ததும் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒரு எண்ணைத்தான். “பம்பிங் 30 தானாம்.” கேட்பவர் மனதில் உடனே ஒரு கழித்தல் நடக்கும்: 100-ல் 30 என்றால், 70 போய்விட்டது!

அந்தக் கணக்கு தவறு. இதயத்தின் இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அந்த எண். டாக்டர்கள் அதை ‘இஎஃப்’ என்பார்கள். நல்ல ஆரோக்கியமான இதயத்திலேயே இது சுமார் 55 முதல் 70 வரைதான் இருக்கும். யாருக்கும் 100 கிடையாது. 40 அல்லது அதற்குக் கீழே என்றால் பம்பிங் குறைந்த வகை ஹார்ட் ஃபெயிலியர். எனவே 30 என்பதை 100-ஓடு ஒப்பிடக் கூடாது. 60-ஓடு ஒப்பிட வேண்டும். கவலைப்பட வேண்டிய எண்தான், கைவிட வேண்டிய எண் இல்லை. முறையாக மருந்து எடுத்தால் பலருக்கு இந்த எண் ஏறவும் செய்யும்.

பம்பிங் எண் நார்மலாக இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் வரும் இன்னொரு வகையும் உண்டு. அதற்கான மருந்து முறை கொஞ்சம் மாறும். இங்கே நாம் பேசுவது பெரும்பாலும் பம்பிங் குறைந்த வகையைப் பற்றி.

எவ்வளவு சீரியஸ்?

பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் ஹார்ட் ஃபெயிலியரால் சேர்க்கப்பட்ட 1,205 பேரை, ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.ஹரிகிருஷ்ணன் தலைமையிலான குழு பதிவு செய்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. அவர்களின் சராசரி வயது 61. ஐந்து வருடம் முடிந்தபோது 59 சதவீதம் பேர் உயிருடன் இல்லை.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் பம்பிங் குறைந்திருந்தவர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்குத்தான் டிஸ்சார்ஜ் ஆகும்போது, வழிகாட்டு நெறிகள் சொல்லும் மருந்துகள் சரியாக எழுதப்பட்டிருந்தன. பிறகு ஐசிஎம்ஆர் ஆதரவில் 21 மாநிலங்களின் 53 மருத்துவமனைகளில் தேசிய ஹார்ட் ஃபெயிலியர் பதிவேடு தொடங்கப்பட்டது. 10,800-க்கும் மேற்பட்டோர் அதில் பதிவானார்கள். அதிலும், பம்பிங் குறைந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அந்த மருந்துகள் கிடைத்திருந்தன. முதல் 90 நாட்களில் இறந்தவர்கள் 14.2 சதவீதம்.

அதாவது, எல்லாப் பழியையும் நோயாளி தலையில் போட முடியாது. முதல் ஓட்டை சீட்டு எழுதும் இடத்திலேயே விழுகிறது. அடுத்த ஓட்டை வீட்டில். ‘மருந்தை ஒழுங்காக எடுக்காதது நம்ம ஊர்ப் பிரச்சினை’ என்றும் நினைக்க வேண்டாம். வசதியான நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்கான மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே அறிக்கை வெளியிட்டது.

அத்தனை மாத்திரை எதற்கு?

“இத்தனை மாத்திரையா? ஒண்ணு ரெண்டக் குறைச்சுக் குடுங்க டாக்டர்.” ஓபியில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பம்பிங் குறைந்தவர்களுக்கு இப்போது நான்கு வகை மருந்துகள் அடிப்படை. ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்வதால், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

• பீட்டா பிளாக்கர் (மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், கார்வெடிலால்): படபடவென்று ஓடும் இதயத்தை நிதானமாக ஓட வைக்கும். தொடங்கிய சில வாரம் கொஞ்சம் அசதியாக இருக்கலாம். இதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

• ரத்தக்குழாயைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைப்பவை (எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்றவை, அல்லது சாகுபிட்ரில்-வால்சார்டன் கூட்டு மருந்து): பிபி மாத்திரை என்றுதான் பலருக்கும் தெரியும். பிபி நார்மலாக இருப்பவருக்கும் இதயத்துக்காக இது கொடுக்கப்படும்.

• ஸ்பைரனோலாக்டோன் அல்லது எப்லரெனோன்: உப்பும் நீரும் உடலில் தேங்குவதைத் தடுக்கும், இதயத் தசை தழும்பேறுவதையும் குறைக்கும். 1999-ல் வெளியான ‘ரேல்ஸ்’ ஆய்வில், தீவிர நிலையில் இருந்தவர்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் மரண அபாயத்தை 30 சதவீதம் குறைத்தது. மிகப் பழைய, விலை குறைந்த மாத்திரை!

• டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின்: சுகருக்காக வந்த மருந்து. 4,744 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், சுகர் இருப்பவர், இல்லாதவர் இருவருக்குமே ஹார்ட் ஃபெயிலியரில் டாபாக்ளிஃப்ளோசின் பலன் தருவது தெரிந்தது.

இந்த நான்கோடு, தேங்கிய நீரை இறக்கும் ஃபுரோசிமைடு, டார்சிமைடு போன்ற ‘நீர் மாத்திரை’ தனி. மூச்சுத்திணறலும் வீக்கமும் இதனால்தான் சட்டென்று குறையும். அதனாலேயே, இது ஒன்றுதான் வேலை செய்யும் மாத்திரை, மற்றதெல்லாம் சும்மா சத்து மாத்திரை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் ஆயுளைக் கூட்டுபவை அந்த நான்கும்தான். அவற்றின் பலன் உடனே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நல்லாயிட்டா நிறுத்தலாமா?

இதுதான் இந்த நோயின் பெரிய கண்ணி. மருந்து நன்றாக வேலை செய்யும்போது மூச்சு வாங்காது, கால் வீங்காது, மாடி ஏற முடியும். “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?” என்ற கேள்வி அப்போதுதான் வரும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மாத்திரை போட்டுப் பழகிய நமக்கு, சரியானதும் நிறுத்துவது இயல்பு. நோயே அந்த மாதிரி இல்லை என்பதை யாராவது விளக்கிச் சொன்னால்தான் தெரியும்.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்தது. பெயர் ‘ட்ரெட்-ஹெச்எஃப்’. இதயம் விரிவடைந்து பம்பிங் குறைந்து, பிறகு மருந்தால் முழுக்க நார்மலுக்குத் திரும்பிய 51 பேரைச் சேர்த்தார்கள். அவர்களுக்கு அப்போது எந்தத் தொந்தரவும் இல்லை, எக்கோவும் நன்றாக இருந்தது. 25 பேருக்கு மருத்துவர் கண்காணிப்பிலேயே படிப்படியாக மருந்தை நிறுத்தினார்கள். 26 பேர் தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள், நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை.

ஆக, எக்கோவில் 55 என்று வந்தாலும் அது மருந்து பிடித்து நிறுத்தியிருக்கும் 55. பந்தலுக்குக் கொடுத்த முட்டு மாதிரி. பந்தல் நேராக நிற்கிறதே என்று முட்டை உருவினால் என்ன ஆகும்?

விட்டுவிடுவதற்கு அவரவர் காரணம்

“சொன்னா கேட்க மாட்டேங்கறார்” என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் மாத்திரையை விடுபவரிடம் கேட்டால், அவருக்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கும்.

*பஸ்ஸும் நீர் மாத்திரையும்:* நீர் மாத்திரை போட்டால் அடுத்த சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் போகும். பழனியிலிருந்து திண்டுக்கல் ஏறக்குறைய 60 கி.மீ. நடுவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியுமா? பெண்களுக்கு இது இன்னும் சங்கடம். அதனால் ஊருக்குப் போகும் நாள், விசேஷ நாள், செக்கப் நாள் என்று ஒவ்வொன்றாக மாத்திரை விடுபடும். நீர் மாத்திரையை எந்த நேரத்தில் போடலாம் என்பதில் பெரும்பாலும் நெகிழ்வு உண்டு. “பயணம் போற நாள்ல வீட்டுக்கு வந்தபிறகு போடலாமா?” என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், விட வேண்டிய அவசியமே வராது.

*வறட்டு இருமல்:* எனலாப்ரில், ராமிப்ரில் வகை சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். சளி என்று நினைத்து டானிக் வாங்கிக் குடிப்பார்கள், அல்லது சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் சொன்னால் இருமல் தராத வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுப்பார். நோய் கூடினாலும் இருமல் வரும் என்பதால், எப்படியிருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும்.

*வெளியே சொல்லக் கூசும் பிரச்சினை:* ஸ்பைரனோலாக்டோன் எடுக்கும் ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். அறுபது வயதுக்காரர் இதை மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார். மாத்திரையை மட்டும் விட்டுவிடுவார். இதற்கு மாற்றாகத்தான் எப்லரெனோன் இருக்கிறது. டாபாக்ளிஃப்ளோசின் வகையில் சிலருக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

*‘எனக்குத்தான் சுகரே இல்லையே’:* மேலே பார்த்தோம். இது இதயத்துக்காக எழுதியது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

*நிறம் மாறிய மாத்திரை:* போன மாதம் மஞ்சள், இந்த மாதம் வெள்ளை. கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் அட்டையும் மாறும். அட்டையில் இருப்பது ஆங்கிலம். சந்தேகப்பட்டு விட்டுவிடுவது ஒரு வகை. பழையதையும் புதியதையும் சேர்த்து ஒரே மருந்தை இரண்டு முறை போடுவது இன்னொரு வகை. சீட்டில் இருக்கும் ‘1-0-1’ என்பது காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று என்பதுகூட எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

*விரதம்:* தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் பழனியைச் சுற்றி விரதம், பாதயாத்திரை இல்லாத வீடு குறைவு. “வெறும் வயித்துல எப்படி மாத்திரை போடறது?” என்று நிறுத்திவிடுவார்கள். விரதம் இருக்கலாமா, இருந்தால் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை மாலை போடுவதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

*காசு:* மாதாமாதம் வாங்கும் மருந்து என்றால் கை கடிக்கத்தான் செய்யும். “ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா ஒரு மாச மாத்திரை ரெண்டு மாசம் வரும்” என்று பலர் தாங்களே சிக்கனம் செய்கிறார்கள். ஒரு நல்ல செய்தி: டாபாக்ளிஃப்ளோசினுக்கு 2020-லும், எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சிலும் இந்தியாவில் காப்புரிமை முடிந்தது. பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதால் விலை நன்றாகவே இறங்கியது. பழைய சீட்டு விலையை நினைத்து நிறுத்தியிருந்தால், இப்போது மறுபடி விசாரித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனை, மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் என்று கேட்டுப் பார்க்க இடங்களும் இருக்கின்றன.

மாத்திரை சரி... கூடவே என்ன சேர்கிறது?

மருந்தை ஒழுங்காக எடுத்தும் நோய் முற்றுவதற்கு வீட்டிலேயே சில காரணங்கள் உண்டு.

முதலாவது, வலி மாத்திரை. மூட்டு வலி, இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் போன்றவை உடலில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்கள் தாமாக இவற்றை எடுக்கவே கூடாது. காட்டு வேலை செய்பவருக்கு வலி வராமல் இருக்காது. எந்த மாத்திரை பாதுகாப்பு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதுதான் வழி. பொருள் தெரியாத சூரணம், லேகியம் எடுப்பதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, உப்பு. நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் அளவு. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, தட்டில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு வைத்தால் கணக்கு நேராகாது.

மூன்றாவது, ‘நல்லது’ என்று நாமே வாங்கிக் கொடுப்பவை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் அதிகம். தென்னந்தோப்புகள் சூழ்ந்த நம் பக்கத்தில் தினமும் குடிக்கும் இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. ஸ்பைரனோலாக்டோனும் எனலாப்ரில், டெல்மிசார்டன் வகையும் ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இவற்றைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். அவ்வப்போது கிரியேட்டினின், பொட்டாசியம் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். காசு பிடுங்க எழுதும் டெஸ்ட் இல்லை அது.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் மட்டும் எச்சரிக்கை தேவை. உடலில் நீர் குறைந்திருக்கும்போது இந்த மருந்துகளில் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம். நீங்களே முடிவு செய்யாமல் அன்றே டாக்டரிடம் கேளுங்கள்.

எடை மிஷின் ஒரு டெலஸ்கோப்

ஆஸ்பத்திரியில் சேரும் நிலைமை பெரும்பாலும் ஒரே ராத்திரியில் வராது. சில நாள் முன்பே உடலில் நீர் சேர ஆரம்பிக்கும். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுக்கும்.

காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு வந்து, சாப்பிடும் முன், ஒரே மிஷினில் எடை பார்த்து காலண்டரில் எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே டாக்டரிடம் பேச வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணையைக் கூட்டிக்கொண்டே போவது, செருப்பு இறுகுவது ஆகியவையும் அதே எச்சரிக்கைதான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் என்றால் யோசிக்காமல் 108.

வீட்டுக்கு வரும் மருந்துப் பை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. 2024-ல் இத்திட்டத்துக்கு ஐநா அமைப்பின் விருதும் கிடைத்தது. ஹார்ட் ஃபெயிலியருக்குக் காரணமாகும் பிபியையும் சுகரையும் கட்டுப்படுத்துவதால், வரும் முன் காப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நோய் வந்துவிட்டவருக்கு, இந்தப் பையில் வரும் பிபி மாத்திரை மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் எழுதிய இதய மாத்திரைகளும் தொடர வேண்டும். “அதான் வீட்டுக்கே மாத்திரை வந்துடுதே” என்று மற்றதை நிறுத்திவிடக் கூடாது. பையில் வருவதும் ஆஸ்பத்திரி சீட்டில் இருப்பதும் ஒரே மருந்தா என்றும் ஒருமுறை காட்டிக் கேட்டுவிட வேண்டும்.

டாக்டர் இல்லாத ஒருவர் வீட்டுக்கு வந்து பேசினால் பலன் இருக்குமா? இருக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே ஆதாரம் உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் டெனிஸ் சேவியர் தலைமையில் 14 மருத்துவமனைகளில், மாரடைப்பு வகைப் பாதிப்பிலிருந்து மீண்ட 806 பேரிடம் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் தொடர்ந்து சந்தித்து, படம் காட்டி, டைரி எழுத வைத்து, மருந்தைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வருட முடிவில் அந்தக் குழுவில் 97 சதவீதம் பேர் மருந்தைச் சரியாக எடுத்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 92 சதவீதம். அவர்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உட்கார்ந்து கேட்டார்கள், புரியும்படி சொன்னார்கள், மறுபடி வந்தார்கள்.

மருத்துவர்களும் நர்ஸ்களும் பயன்படுத்தும் எளிய உத்தி ஒன்று இருக்கிறது. “புரிஞ்சுதா?” என்று கேட்காமல், “வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, எனக்கு ஒருதடவை சொல்லிக் காட்டுங்க” என்று கேட்பது. “புரிஞ்சுதா?” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சொல்லிக் காட்டச் சொன்னால்தான் எது புரியவில்லை என்று தெரியும். இதை நீங்களும் செய்யலாம்.

அடுத்த ஞாயிறு போனில் என்ன கேட்கலாம்?

“மாத்திரை போட்டீங்களா?” என்ற கேள்விக்கு “போட்டேன்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. கேள்வியை மாத்துங்க.

• வீடியோ காலில்: “இருக்கற மாத்திரை எல்லாத்தையும் எடுத்து வைங்கப்பா, ஒவ்வொண்ணா காட்டுங்க.” அட்டையில் எத்தனை காலி, எது தீரப்போகிறது என்று பார்த்துவிடலாம்.

• “எந்த மாத்திரை போட்டா உங்களுக்கு ஒத்துக்கலை?” இருமல், மயக்கம், கூச்சமான விஷயம் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும். திட்டாமல் கேட்பது முக்கியம். ஒருமுறை திட்டினால் அடுத்த முறை உண்மை வராது.

• “இந்த வாரம் எடை எவ்வளவு? காலண்டர்ல எழுதினதைப் படிங்க.”

• “வலிக்கு ஏதாவது மாத்திரை வாங்கினீங்களா?”

• “ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கறீங்க?”

• “செக்கப் எப்போ? அதுவரைக்கும் மாத்திரை வருமா?” தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடும்படி உங்கள் போனிலேயே ரிமைண்டர் வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டியவையும் சில உண்டு. காலை, இரவு எனத் தட்டு பிரித்த மாத்திரை டப்பா ஒன்று. ஒரு தாளில் மாத்திரையை ஒட்டி, பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் ‘இதயத்துக்கு - காலை 1’, ‘நீர் மாத்திரை - காலை 1’ என்று எழுதி அம்மா கண்ணில் படும் இடத்தில் மாட்டுவது. கடைசி சீட்டு, எக்கோ, ரத்தப் பரிசோதனை மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைப்பது. அவசரத்துக்குப் பழனி அரசு மருத்துவமனையோ, 2022-ல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியோ, மதுரையோ எங்கே ஓடினாலும் அந்த மூன்று போட்டோ போதும், புது டாக்டருக்குப் பாதி நேரம் மிச்சம்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். எந்த மாத்திரையையும் நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் டாக்டரைக் கேட்ட பிறகே.

அடுத்த ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, “சாப்ட்டியா கண்ணு?” என்று அப்பா பேச்சை மாற்றும்போது, “சாப்ட்டேன்ப்பா. அந்த மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிஷம்தான் ஆகும். கரும்பு வெட்டு பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.